ஜாக்கெட் தைக்கச் சொல்லித்தரப் போய் விரலுறை தைத்த கதை

அந்த அக்கா ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டியபோது என் கண் நோட்டில் படவில்லை, விரலில்தான் பட்டது. கட்டைவிரலின் சதைப்பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். சில பழசு, வெளுத்துப்போய் தழும்பாகக் கிடந்தன. சில புதுசு, ஓரம் வெள்ளையாக ஊறிப்போய் இன்னும் மூடாமல் இருந்தன. ஆள்காட்டி விரலின் இடது பக்கத்தில் நகத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

2022 ஐப்பசி மாதம். வேலூர் தோட்டப்பாளையத்தில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் பக்கத்து லாட்ஜுகளில் தங்குவார்கள். அவர்களுக்குப் பிரிந்த தையல் அடிப்பது, ஆபரேஷன் ஆன கைக்குத் தகுந்தபடி சட்டைக் கையைப் பிரித்து நாடா வைப்பது, பாவாடைக்கு நாடா கோர்ப்பது என்று வேலை வந்துகொண்டே இருக்கும். இந்த அக்கா பாம்பனிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜாக்கெட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கச் சொன்னார்.

"விரல்ல என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"பாசி எடுக்கிறோம்ல தாயி, பாறை அறுக்கத்தான் செய்யும்" என்றார், ஏதோ மழை பெய்தால் நனையத்தானே செய்யும் என்பது போல.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. மன்னார் வளைகுடாவில், கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலிலும் திட்டுகளைச் சுற்றியும் பாறையில் ஒட்டி வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டையும் பெண்கள் மூழ்கி மூழ்கிக் கையால் பறிப்பார்கள். அகர் என்ற பசைப்பொருள் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்தப் பாறை பவளப்பாறை, பிளேடு மாதிரி இருக்கும். பழைய புடவையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்களாம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இந்த வேலை. அந்தப் பன்னிரண்டு நாளில் கிடைப்பதை வைத்துத்தான் மாதம் ஓட வேண்டும்.

நான் பிறந்தது பேர்ணாம்பட்டு. கடை வைப்பதற்கு முன் பதினாறு வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் தோல் இல்லாத ஊர் கிடையாது. கை அறுபடாமல் தோல் வெட்ட, ஊசி ஏறாமல் மெஷின் ஓட்ட எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள், கையுறை இருந்தது. அந்த விரலைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கையுறை தைத்து ஏற்றுமதி செய்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண் புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறாள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா ஊருக்குப் போன பிறகும் போனில் பேச்சு தொடர்ந்தது. "எங்க ஊர்ப் பொம்பளைகளுக்குத் தையல் சொல்லித் தர்றீங்களா? பாசி இல்லாத நாள்ல சும்மாத்தான் இருக்கோம்" என்றார். என் கூடத் தைக்கிற நான்கு பெண்கள், மெஷின் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர், காட்பாடியில் இருக்கும் ஒரு பெரியவர், நான் என்று ஏழு பேர் கிளம்பினோம். பெரியவர் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பல வருஷம் செருப்பு தைத்தவர். அவரை ஏன் கூட்டிக்கொண்டு போனோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்த காரியத்தில் பாதி அவரால் நடந்தது.

2023 ஜனவரி, காணும் பொங்கல் முடிந்த கையோடு காட்பாடியில் ரயில் ஏறினோம். கூட வந்தவர்களுக்குக் கம்பெனி லீவு அப்போதுதான் கிடைக்கும். பாம்பன் ரயில் பாலத்தை அதற்கு முந்தின மாதமே மூடிவிட்டார்கள், அதனால் ராமநாதபுரத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். இரண்டு மெஷின் தலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனோம். ஜாக்கெட் வெட்டும் முறையைப் பன்னிரண்டு சார்ட் பேப்பரில் அளவோடு வரைந்து சுருட்டி எடுத்துக்கொண்டோம். எட்டு நாள், எட்டுப் பாடம். முதல் நாள் அளவு எடுப்பது, எட்டாம் நாள் கொக்கி வைப்பது. நோட்டில் நேரம் போட்டுக்கூட எழுதி வைத்திருந்தேன்.

பஸ் பாலத்தின் நடுவில் போகும்போது ஜன்னல் பக்கம் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் என்பது பெரிய விஷயம். வடக்கே பாக் விரிகுடா அலை அடித்துக் கலங்கிக் கிடக்க, தெற்கே மன்னார் வளைகுடா தட்டு மாதிரி அமைதியாக இருந்தது. அவர்கள் வடகடல், தென்கடல் என்று சொல்கிறார்கள். தை மாதத்தில் வாடைக்காற்று, வடகடல் இப்படித்தான் இருக்குமாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வகுப்பு. ஊர்ப் பொதுக்கட்டடத்தில் பாய் விரித்து, சார்ட்டை ஒட்டி, சாக்பீஸ் எடுத்து வைத்துக் காத்திருந்தோம். பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. யாரும் வரவில்லை.

இரண்டு நாளில் தை அமாவாசை. பாசி எடுக்கும் ஆறு நாள் தொடங்கிவிட்டது. அக்கா வாயால் சொல்லி நான் காதால் கேட்ட விஷயம்தான். பன்னிரண்டு நாள்தான் சம்பாத்தியம் என்று தெரிந்தும், எங்கள் கம்பெனி லீவைப் பார்த்துத் தேதி குறித்தேனே தவிர, காலண்டரில் கறுப்பு வட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. கடலோரத்துக்கு யாராவது சொல்லித்தரப் போவதாக இருந்தால் முதலில் தினசரி காலண்டரைக் கிழித்துப் பாருங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் உங்களுக்கு. மீன்பிடித் தடைக்காலமும் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் துணி வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

சரி, வகுப்பு இல்லை. சும்மா இருப்பதற்குப் பதில் கரைக்குப் போய் உட்கார்ந்தோம். மத்தியானம் வள்ளங்கள் திரும்பின. பெண்கள் புடவைக்கு மேலே டீ-சர்ட், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை என்று இறங்கினார்கள். பாசியைக் கொட்டிவிட்டு மணலில் உட்கார்ந்து விரலில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஊறின துணி லேசில் வராது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார்கள். பிரித்த துணியை அப்படியே அங்கேயே போட்டுவிட்டு எழுந்தார்கள்.

கரிகிரிப் பெரியவர் ஒன்றும் பேசாமல் போய் அந்தக் கிழிசல்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அவர் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தொழுநோயில் பாதத்தின் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆகும், புண் மேல் நடப்பார்கள், கால் போகும். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவர் கூட இருந்தவர்களும் இதைக் கவனித்து, மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை எம்.சி.ஆர் செருப்பு என்றால் தெரியாதவர்கள் குறைவு. அந்தச் செருப்பு தைக்கிறவர் முதலில் காலை அளக்க மாட்டாராம். பழைய செருப்பைக் கழற்றச் சொல்லி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாராம். "காலு பொய் சொல்லும்மா, வலிக்கலைன்னு சொல்லும். செருப்பு பொய் சொல்லாது" என்பார் பெரியவர்.

அன்று சாயங்காலம் பாயில் அந்தத் துணிக்கிழிசல்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். முப்பது நாற்பது இருக்கும். எது கட்டைவிரல், எது ஆள்காட்டி என்று அக்காவைக் கேட்டுப் பிரித்தார். பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விரல் நுனியில் துணி கிழியவே இல்லை. கட்டைவிரலின் சதைப்பக்கமும் ஆள்காட்டியின் இடது விளிம்பும்தான் நார் நாராகப் போயிருந்தன. நடுவிரலில் முதல் கணுவுக்கு மேலே ஒரு ஓரம். மோதிரவிரல், சுண்டுவிரல் துணியெல்லாம் அப்படியே புதுசு மாதிரி. என் கடையில் நோட்டு நீட்டிய விரலில் நான் பார்த்த அதே இடம்தான்.

நாங்கள் வேலூரிலேயே ஒரு வேலை செய்துகொண்டு போயிருந்தோம். ஷூ யூனிட்டில் மிஞ்சும் வெட்டுத்துண்டு தோலில் விரல் குப்பி மாதிரி நூறு தைத்திருந்தோம். அவ்வளவு நேர்த்தியாக, ஓரம் சீவி, உள் லைனிங் வைத்துத் தைத்தது. மறுநாள் ஆறு பேர் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மூன்று பேர் பாதியிலேயே கழற்றிப் படகில் வீசிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே புகுந்தால் வெளியே போக வழியில்லை, விரல் நுனியில் பலூன் மாதிரி நிற்கிறது. ஊறின தோல் வழுக்குகிறது. பாசியின் வேர்ப்பக்கம் எங்கே என்று விரலுக்குத் தெரியவே இல்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால் காய்ந்த தோல் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. உப்புத்தண்ணீரில் ஊறிக் காய்ந்த தோல் இப்படித்தான் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. கையில் இருக்கும் பொருளை வைத்தே யோசித்துவிட்டோம், அதுதான் தப்பு.

தோலை மூட்டை கட்டி வைத்தோம். அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது.

பாசி எடுக்கும் ஆறு நாளும் பெண்கள் சாயங்காலம் நான்கு மணிக்குமேல் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களே சொன்னார்கள், நாங்கள் வெட்டினோம். கித்தான் துணியிலும் பழைய ஜீன்ஸிலும் மாறி மாறித் தைத்துப் பார்த்தோம். மூன்று விரலுக்கு மட்டும் போதும். இரண்டாவது கணு வரைக்கும் நீளம் போதும், அதற்கு மேலே போனால் விரல் மடங்காது. நுனியை மூடக் கூடாது, தண்ணீர் ஓடிவிட வேண்டும். கிழியும் இடத்தில் மட்டும் உள்ளே ஒரு ஒட்டு வைத்து இரட்டைத் துணி, மற்ற இடம் ஒற்றை. தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நாங்கள் பழக்கதோஷத்தில் மடிப்பை உள்ளே விட்டுத் தைத்தோம். ஊறின விரலில் அந்த மடிப்பு உரசி அதுவே புண்ணாக்கிவிட்டது.

விரல் மாதிரி சின்னக் குழாயைச் சாதாரண கால் மெஷினில் தைக்க முடியாது என்று எங்கள் பெண் ஒருத்தி சொன்னாள். முடியும். துணி தட்டையாக இருக்கும்போதே ஒட்டு, ஓரம் எல்லாம் அடித்து முடித்துவிட்டு, கடைசியில் பக்கவாட்டில் ஒரே ஒரு தையல் போட்டு மூடுங்கள். ஷூ அப்பரும் இப்படித்தான், வளைந்த பொருளாகத் தெரிவதெல்லாம் தட்டையாக இருக்கும்போதே முக்கால்வாசி தைக்கப்பட்டது. நூல் பருத்தி வேண்டாம், இற்றுப்போகும். நைலான் நூல்தான், ஊசி 18ஆம் நம்பர். அந்தக் கனமான நூலுக்கு மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, தளர்த்தாவிட்டால் பட்டு பட்டென்று அறுக்கும்.

மணிக்கட்டுப் பக்கம் நிற்க எலாஸ்டிக் வைத்தோம். ஒரு பாட்டி அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு மாசத்துல செத்துப்போகும்" என்றார். உப்பிலும் வெயிலிலும் எலாஸ்டிக் நிற்காது என்பது அவர் பார்த்துப் பார்த்து அறிந்த விஷயம். நாடா வைத்தோம். ஈர நாடாவில் போட்ட முடிச்சு நீருக்குள் நழுவியது. அந்தப் பாட்டியே வலை கட்டும் முடிச்சைச் சொல்லிக் கொடுத்தார். நாடாவை ஒரு கையால் வளைத்து, பல்லால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் இறுகும். ஈரமானால் இன்னும் இறுகும். அவிழ்க்க வேண்டுமானால் சின்ன முனையைச் சுண்டினால் போதும். நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு முழு சாயங்காலம் ஆயிற்று. பாட்டி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வலை முடிந்து முடிந்து அவர் சுண்டுவிரலில் நைலான் அறுத்த கோடு ஆழமாக இருந்தது. அன்று சொல்லிக் கொடுத்தது அவர், கற்றுக்கொண்டது நான். இப்போது வேலூர்க் கடையில் சாக்குப்பை வாயைக்கூட அந்த முடிச்சில்தான் கட்டுகிறேன்.

ஒரு விஷயத்தில் என்னை நன்றாகத் திருத்தினார்கள். "வந்தவுடனே நல்ல தண்ணில அலசி நிழல்ல காயவைங்க, ரொம்ப நாள் வரும்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நல்ல தண்ணி குடிக்கவே குடம் காசு குடுத்து வாங்குறோம் அக்கா, இதுக்கு எங்கே போறது?" அலசாமலே தாங்குகிற மாதிரிதான் தைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கித்தான் உப்பில் விறைத்தது, மறுநாள் போட முடியவில்லை. பழைய ஜீன்ஸ் தாங்கியது, கடலில் இறங்கிய ஐந்து நிமிஷத்தில் மறுபடி இளகிவிடுகிறது.

அந்தக் கட்டடத்திலேயே பூட்டின அறை ஒன்று இருந்தது. திறந்தால் பத்து தையல் மெஷின். மோட்டார் வைத்தது, நல்ல மெஷின். சில வருஷம் முன் ஒரு அமைப்பு கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனதாம். இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. ஊசி ஒடிந்தது, வாங்க ராமநாதபுரம் போக வேண்டும். பாபின் கேஸ் துருப்பிடித்தது, மாற்றத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. எனக்கு அதைப் பார்த்து மனசு ஆறவே இல்லை. கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆனால் பத்து மெஷினுக்குப் பதில் ஆறு மெஷின் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் ஒரு மெக்கானிக்கைப் பத்து நாள் உட்கார வைத்திருந்தால் இன்றைக்கு ஆறும் ஓடியிருக்கும்.

எங்கள் அண்ணன் ஒரு மெஷினைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, இப்டி துரு புடிச்சிகினு கீது" என்று தலையில் கை வைத்தார். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஆனால் அது மீனவர் ஊர், டீசல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரு அலுமினியப் பாத்திரத்தில் டீசல் ஊற்றி, ஷட்டில், பாபின் கேஸ், பல்லு, தகடு என்று கழற்றி ராத்திரி முழுக்க ஊறப்போட்டார். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, மெஷின் எண்ணெய் விட்டார். பத்தில் ஏழு ஓடியது. மற்ற மூன்றிலிருந்து எடுத்த உதிரிப்பாகம் இந்த ஏழுக்கு உதவியது.

அமாவாசைக் கணக்கு முடிந்து வகுப்புக்குப் பெண்கள் வந்தபோது, முதல் இரண்டு நாள் தையலே கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஊசி மாற்றுவது, ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும், பாபின் கேஸைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சை எடுப்பது, எண்ணெய் எங்கே எங்கே விடுவது. "மெஷினைப் பிரிக்கத்தான் வேலூர்லருந்து வந்தீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள்தான் இன்று அந்த ஊரின் மெக்கானிக்.

கடல்காற்றில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன். மெஷினைக் கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் வேர்த்துத் துரு சீக்கிரம் பிடிக்கும், பருத்தித்துணி போட்டு மூடுங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் பிசின் மாதிரி கெட்டியாகிச் சக்கரம் சுற்றாது. ஊசிகளை எண்ணெய் தடவின துணியில் குத்திச் சின்ன டப்பாவில் மூடி வையுங்கள். கால் மெஷின் தோல் பெல்ட் ஈரக்காற்றில் தளரும், அப்போது புது பெல்ட் வாங்க ஓட வேண்டாம், அரை அங்குலம் வெட்டிவிட்டு அதே கம்பிக் கொக்கியால் மறுபடி இணைத்துவிடலாம்.

எங்கள் சார்ட் பேப்பர் மூன்றாம் நாளே ஈரக்காற்றில் தளர்ந்து சுவரிலிருந்து உரிந்து தொங்கியது. அட்டையில் வெட்டிய மாதிரிகளும் ஓரம் நமத்துப் போயின. இதற்கு வழி வேலூரில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி ஊர், பழைய எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாம் முறை போனபோது கழுவித் துடைத்த ஃபிலிமில் எல்லா மாதிரியும் வெட்டி எடுத்துப் போனோம். நமக்காது, வளையாது, துணி மேல் வைத்தால் கீழே இருக்கும் கோடு தெரியும். விரலுறை மாதிரி சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு. பெயர் எழுதாமல் ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு போட்டோம். படிக்காத பாட்டிக்கும் விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

விரலுறை விற்கிற பொருள் இல்லை, அவர்களுக்கானது. காசு வர வேறு ஒன்று வேண்டியிருந்தது. ராமேஸ்வரம் கோவிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் சொட்டச் சொட்டத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் கேரி பேக்கும் எளிதில் கிடைக்காது. ஈரத்துணிப் பை தைக்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். துணிக்கு உடைந்த குடைகள். குடைத்துணி லேசானது, தண்ணீர் சீக்கிரம் இறங்காது, கம்பி எடுத்தால் எட்டுத் துண்டு அப்படியே வெட்டின மாதிரி கிடைக்கும். இதற்கு 11ஆம் நம்பர் ஊசி, பின் குத்தவே கூடாது, குத்தின ஓட்டை மூடாது. தையலை ஒருமுறை வெளியே அடித்துத் திருப்பி மறுமுறை உள்ளே அடித்து மூட வேண்டும்.

விலை வைப்பதில் அவர்கள் ரொம்பவும் தயங்கினார்கள். ஒரு பை பதினைந்து ரூபாய் என்றார்கள். நூல், நேரம், பஸ் செலவு, ஒடியும் ஊசி எல்லாம் எழுதிக் கூட்டினால் இருபத்திரண்டு ரூபாய் வந்தது. எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாற்பது என்று வைத்தார்கள். விற்றது. கடலில் பாசிக்குக் கிடைக்கும் விலையை யாரோ சொல்கிறார்கள், இவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். தன் பொருளுக்குத் தானே விலை சொல்லிப் பழகியிராத கைகள் அவை. தையல் வகுப்பில் ஒரு நாளையாவது இந்தக் கணக்குக்கு ஒதுக்குங்கள் என்று போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பேன்.

இந்தப் பெண்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு, எங்கே எடுக்கலாம் எங்கே கூடாது என்ற சிக்கலை அனுபவித்தபடியே, பாசி வளரட்டும் என்று தாங்களாகவே சில வாரம் பறிக்காமல் விடுகிறார்கள். பறிக்கும்போது கையால்தான் பறிப்பார்கள், பாறையைச் சுரண்ட மாட்டார்கள். 2015-ல் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பாசி எடுக்கும் பெண்ணுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. அந்தக் கைகளுக்குத்தான் நாங்கள் போய் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கச் சொல்லித் தரப் பார்த்தோம். ஜாக்கெட்டும் பின்னால் சொல்லிக் கொடுத்தோம், அது வேறு. நான்கு பேர் இப்போது ஊருக்கே தைக்கிறார்கள்.

நான்கு முறை போய்வந்துவிட்டோம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு போனபோது ரயில் தீவுக்குள்ளேயே கொண்டு விட்டது. கரிகிரிப் பெரியவர் அந்த முறை வர முடியவில்லை, முழங்கால் வலி. அவர் அந்தத் துணிக்கிழிசல்களில் ஒன்றை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்.

போன மாதம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே மூன்று விரலுறை. நாங்கள் வெட்டிக் கொடுத்த மாதிரி இல்லை. கட்டைவிரல் ஒட்டுக்கு ஜீன்ஸுக்குப் பதில் பழைய வலையை நான்காக மடித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிற்காது, பாறையில் வழுக்காது, துணியைவிடச் சீக்கிரம் காயும். பக்கத் தையலைக் கொஞ்சம் விரலின் முதுகுப் பக்கமாக நகர்த்தியிருக்கிறார்கள். விரலில் போட்டுப் பார்த்தேன், எங்களுடையதைவிட நன்றாக உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். "பாத்தீங்களா? மாதிரியை நாங்க மாத்திட்டோம். இனிமே துணி ஒண்ணும் அனுப்ப வேண்டாம். 18ஆம் நம்பர் ஊசி மட்டும் அனுப்புங்க, இங்க கிடைக்க மாட்டேங்குது."

ஐம்பது ஊசி வாங்கி, எண்ணெய்த் துணியில் குத்தி, டப்பாவில் போட்டு அனுப்பினேன். கூடவே அந்த மூன்றில் ஒன்றைப் பிரித்து எக்ஸ்ரே ஃபிலிமில் அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.